பஸ் நிற்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி: பிஆர்டி ஓர் அறிமுகம்

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். பத்து கிலோமீட்டர் நீளமுள்ள நகரச் சாலை ஒன்று. அதில் போகும் டவுன் பஸ், ஓடுகிற நேரமெல்லாம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 15 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் வழியில் 20 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் 40 விநாடி நிற்கிறது. 12 சிக்னல்கள், ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒரு நிமிடம் போகிறது. நிறுத்தங்களுக்கு 13 நிமிடம், சிக்னல்களுக்கு 12 நிமிடம், ஓட்டத்துக்கு 15. மொத்தம் 40 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.தான். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சைக்கிள்காரர் கூடவே வந்துவிடுவார்.

இப்போது நல்ல புது பஸ்ஸாக வாங்கி 60 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். ஓடும் நேரம் 10 நிமிடமாகும். பயணம் 35 நிமிடம். அவ்வளவு செலவுக்கும் மிச்சமானது ஐந்தே நிமிடம். அதற்குப் பதிலாக வேகத்தை 40-லேயே விட்டுவிட்டு, நிற்கும் நேரத்தில் கை வையுங்கள். நிறுத்தங்களை 14 ஆக்கி ஒவ்வொன்றிலும் 20 விநாடி. நடுவில் குறுக்கிடும் சிக்னல்களை எட்டாக்கி ஒவ்வொன்றிலும் அரை நிமிடம். பயணம் 24 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சராசரி வேகம் 25 கி.மீ.யைத் தாண்டும்.

பஸ் ரேபிட் டிரான்சிட், சுருக்கமாக பிஆர்டி, என்பதன் அடிப்படை இதுதான். பஸ் எங்கெங்கே, எதற்காக நிற்கிறது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு காரணத்தையும் சாலையிலிருந்து அகற்றுவது. செய்தித்தாள்களில் ‘பஸ்ஸுக்குத் தனிப்பாதை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். தனிப்பாதை அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1974-இல் இது தொடங்கியது. அப்போது மேயராக இருந்த ஜைமி லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். சுரங்க ரயிலுக்குப் பணம் இல்லை, காத்திருக்கவும் நேரமில்லை. சாலையின் நடுவில் பஸ்ஸை விட்டுப் பார்த்தார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற பெயரில் அதையே பெரிய அளவில் செய்து காட்டியது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2004-இல் ஜகார்த்தா, 2007-இல் இஸ்தான்புல், 2009-இல் அகமதாபாத், 2010-இல் சீனாவின் குவாங்சோ, 2013-இல் லாகூர் என்று வரிசையாக வந்தன. வந்த வேகத்தில் போனவையும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சரி, ஒரு நகரத்தில் புதிதாக இதை அமைக்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எந்தச் சாலை என்று முடிவாக வேண்டும். அதற்கு எண்ண வேண்டியது வண்டிகளை அல்ல, ஆட்களை. கணக்கெடுப்பவர்கள் ஓடும் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று குறிப்பார்கள். ‘எங்கே ஏறினீங்க, எங்கே போறீங்க’ என்று பயணிகளைக் கேட்பார்கள். வேன், ஷேர் ஆட்டோ போன்றவற்றில் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நாளை இந்த பஸ்ஸுக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான். இதையெல்லாம் வரைபடத்தில் போட்டால், காலை நேரத்தில் எந்தச் சாலை வழியாக ஒரு திசையில் அதிகம் பேர் போகிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

இங்கேதான் முதல் சபலம் வருகிறது. கூட்டம் இருக்கும் சாலை பெரும்பாலும் குறுகலாக இருக்கும். அகலமான சாலையில் கூட்டம் இருக்காது. அகலமான சாலையிலேயே கட்டிவிட்டால் யாரோடும் சண்டை வராது. அகமதாபாத் 132 அடி ரிங் ரோடு போன்ற அகலமான சாலைகளில்தான் தொடங்கியது. முதல் கட்டத்தைச் சிக்கலில்லாமல் திறந்து மக்களிடம் நல்ல பெயர் வாங்க அது உதவியது. ஆனால் கடைசிவரை அகலத்தைப் பார்த்தே பாதை போட்டுக்கொண்டிருந்தால், ஊரைச் சுற்றி வரும் பஸ்தான் மிஞ்சும். குறுகலான இடத்துக்கும் வழி உண்டு: அந்தத் துண்டில் கார்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டு, பஸ்ஸும் நடப்பவர்களும் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பொகோட்டாவின் பழைய மையப்பகுதியில் ஹிமேனெஸ் அவென்யூவில் அப்படித்தான், நடந்து போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே பெரிய பஸ் மெதுவாகக் கடந்து போகும்.

அடுத்து, சாலையில் எந்த இடம்? நம் ஊர்களில் பஸ் பாதை என்றால் இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு போடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த ஓரத்தில் ஒரு அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். டீக்கடை முன்னால் நிற்கும் பைக், சரக்கு இறக்கும் குட்டியானை, ஆள் பிடிக்க ஒதுங்கிய ஆட்டோ, சந்திலிருந்து மூக்கை நீட்டும் கார். எல்லாருக்கும் வேண்டிய இடம் அது. பஸ்ஸுக்கென்று அதை ஒதுக்கினால் தினமும் பஸ்தான் தோற்கும். சாலையின் நடுவில் கடையும் இல்லை, சந்தும் இல்லை. அதனால் உலகில் நன்றாக ஓடும் பிஆர்டிகள் பெரும்பாலும் நடுச்சாலையில், சென்டர் மீடியனை ஒட்டி இருக்கின்றன.

நடுவில் வைத்தால் நிலையமும் நடுவில் வரும். இரண்டு திசைக்கும் பொதுவாக ஒரே நிலையம் போதும், செலவும் இடமும் மிச்சம். ஆனால் நம் பஸ்களில் கதவு இடப்பக்கம் அல்லவா? அதனால் அகமதாபாத்திலும் கர்நாடகத்தின் ஹூப்பள்ளி–தார்வாடிலும் வலப்பக்கம் கதவு வைத்த பஸ்களை வாங்கினார்கள். இதே சிக்கலை இஸ்தான்புல் தலைகீழாகத் தீர்த்தது. துருக்கியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். பஸ் கதவும் வலப்பக்கம்தான். நிலையமோ நெடுஞ்சாலையின் நடுவில். கதவை மாற்றவில்லை, பஸ் போகும் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். தடுப்புக்குள் இருக்கும் தனிப்பாதையில் மட்டும் மெட்ரோபஸ் (அங்கே பிஆர்டிக்கு அதுதான் பெயர்) இடப்பக்கமாக ஓடுகிறது. பக்கத்தில் காரில் போகிறவருக்கு, அடுத்த தடத்தில் பஸ் எதிர்த்திசையில் வரும். முதல் தடவை பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் சாதாரண பஸ்ஸை அப்படியே வாங்கி ஓட்ட முடிகிறது.

இனி நிறுத்தம். சாதாரண பஸ்ஸில் இரண்டு குறுகிய படிக்கட்டு. 20 பேர் ஏற, 15 பேர் இறங்க வேண்டும். வயதானவர் கம்பியைப் பிடித்து மூன்று படி ஏறுவதற்குள் பின்னால் நிற்பவர்கள் முட்டுகிறார்கள். ஆளுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும், ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு, 40 விநாடி எளிதாகப் போய்விடும். இதுபோக, ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் கொடுத்து முடியவில்லை என்று கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை ஓரங்கட்டுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பிஆர்டி நிலையத்தில் டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே எடுத்துவிட வேண்டும். நடைமேடை பஸ்ஸின் தரை மட்டத்துக்கே இருக்கும், படியே கிடையாது. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டிக் குழந்தையும் நேராக உள்ளே போய்விடலாம். மூன்று நான்கு அகலக் கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கும். குரிச்சிபா 1991-இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்களை வைத்தது இதற்காகத்தான். அங்கே பஸ் நின்றதும் கதவடியிலிருந்து ஒரு பலகை விழுந்து நடைமேடையைத் தொடும், இடைவெளி மூடிக்கொள்ளும். பஸ்ஸை ஒட்டி நிறுத்த ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படம் பார்த்து அழகுக்காகக் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் குழாயின் வேலை விநாடியை மிச்சம்பிடிப்பது.

அப்புறம் ஒரு நுணுக்கம்: முன்னால் ஒரு பஸ் நிலையத்தில் நின்றால், ஒரே தடம் என்பதால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். பொகோட்டா நிலையங்களின் பக்கத்தில் இரண்டாவது தடம் போட்டது. நிற்கும் பஸ்ஸைத் தாண்டி, நிற்காத பஸ் போய்விடும். இதனால் எல்லா நிலையத்திலும் நிற்கும் பஸ்ஸோடு, நாலைந்து இடத்தில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸையும் ஒரே பாதையில் விட முடிந்தது. உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு திசையில் 40,000-க்கும் மேற்பட்டவர்களை டிரான்ஸ்மிலேனியோ ஏற்றிச் சென்றது. பல மெட்ரோ ரயில்களுக்கே எட்டாத எண்ணிக்கை அது. கூட்டம் தாங்காமல் பின்னாளில் பொகோட்டா மக்கள் திட்டித் தீர்த்ததும் உண்மைதான். ஹூப்பள்ளி–தார்வாட் பாதையிலும் நிலையங்களில் முந்திச் செல்லும் தடம் உண்டு.

இப்போது சிக்னலுக்கு வருவோம். என் கணிப்பில் ஒரு பிஆர்டி தேறுமா தேறாதா என்பது இங்கேதான் முடிவாகிறது. எந்தத் திட்ட அறிவிப்பிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது.

நாலு சாலை சந்திக்கும் ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். வடக்கு–தெற்குச் சாலையின் நடுவில் பஸ் போகிறது. நேராகப் போகும் காரும் நேராகப் போகும் பஸ்ஸும் ஒரே பச்சையில் போகலாம், மோதாது. ஆனால் வலது பக்கம் திரும்ப நினைக்கும் காருக்கு, பஸ் பாதையே வலப்பக்கத்தில் குறுக்கே கிடக்கிறது. அந்தக் காருக்கு வழிவிட பஸ்ஸை நிறுத்தியாக வேண்டும். ஆக நேராகப் போக ஒரு பச்சை, வலது திரும்ப ஒரு பச்சை. கிழக்கு–மேற்குக்கும் அதேபோல் இரண்டு. மொத்தம் நான்கு. ஒவ்வொன்றும் 40 விநாடி என்றால் ஒரு சுற்று 160 விநாடி. அதில் பஸ்ஸுக்குப் பச்சை 40, சிவப்பு 120. எந்த நேரத்திலும் வரக்கூடிய ஒரு பஸ்ஸின் சராசரிக் காத்திருப்பைக் கணக்கிட்டால் 45 விநாடி வரும்.

அந்தச் சந்திப்பில் வலது திரும்புவதையே தடை செய்தால்? இரண்டே பச்சை, சுற்று 80 விநாடி, பஸ்ஸுக்குப் பாதி நேரம் பச்சை. சராசரிக் காத்திருப்பு 10 விநாடிக்கு வந்துவிடும். வலது திரும்ப வேண்டியவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் யு-டர்ன் போட வேண்டும், அல்லது இடது, இடது, இடது என்று ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். முனகுவார்கள். ஆனால் சுற்று பாதியானதில் நேராகப் போகிற கார்களுக்கும் லாபம்தான். பஸ்ஸுக்கு முன்னுரிமை தர விலை உயர்ந்த கருவிகள் வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் வலது திருப்பத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

டெல்லி சறுக்கியது இங்கேதான். 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. திறந்தார்கள். பஸ் பாதை நடுவில்தான் இருந்தது. ஆனால் நிறுத்தங்களைச் சந்திப்புகளுக்குப் பக்கத்திலேயே, சிக்னல் கோட்டை ஒட்டி வைத்துவிட்டார்கள். ஆள் ஏற்றி முடித்த பஸ் சிவப்புக்காக நிற்கும். அது நகராததால் பின்னால் வந்த பஸ் நடைமேடைக்கே வர முடியாது. பச்சை விழுந்து முன்னது நகர்ந்த பிறகுதான் பின்னது ஆள் ஏற்றத் தொடங்கும். பச்சை வீணாகும். நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து ஒரு 40 மீட்டராவது தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதோடு எல்லா வழித்தட பஸ்களும், தனியார் பஸ்களும், பள்ளி பஸ்களும் அந்த ஒரே பாதையில் நுழைந்தன. ஒரு பழைய பஸ் பழுதாகி நின்றால் மொத்தப் பாதையும் அடைபட்டது. சிராக் டெல்லி சந்திப்பில் கார்கள் நெடுந்தூரம் வரிசை கட்டின.

அந்த வரிசையில் நிற்கும் கார்க்காரரின் கண்ணில் படுவது பக்கத்தில் காலியாகக் கிடக்கும் பஸ் பாதை. இது ஒரு கண்மயக்கு. நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் 3,600 பேர் அந்தப் பாதையில் போகிறார்கள். சிக்னல் உள்ள சாலையில் ஒரு தடத்தில் ஒரு மணிக்கு 900 கார் போனால் பெரிய விஷயம். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,350 பேர். ஆனால் ஒரு பஸ் நம்மைக் கடந்துபோக மூன்று விநாடி ஆகும். மிச்சம் 57 விநாடி பாதை காலியாகத்தான் தெரியும். நன்றாக ஓடும் பஸ் பாதை வெறிச்சோடியும், நெரிசலில் சிக்கிய கார் பாதை நிரம்பி வழிந்தும் தெரியும். தொலைக்காட்சி கேமராவுக்கும் அப்படியேதான் தெரியும்.

பாதையும் நிலையமும் தயார் என்றால், யார் ஓட்டுவது, யாருக்கு எப்படிச் சம்பளம் என்பது பாக்கி. பொகோட்டாவில் முன்பு தனியார் பஸ்களின் ஓட்டுநருக்கு ஏற்றிய ஆளைப் பொறுத்து வருமானம். ஒரே ஆளைப் பிடிக்க இரண்டு பஸ்கள் போட்டி போட்டு ஓடும், நினைத்த இடத்தில் நிறுத்தும். உள்ளூரில் அதற்குச் ‘சில்லறைச் சண்டை’ என்ற அர்த்தத்தில் பெயரே இருந்தது. மேயர் என்ரிக்கே பெனலோசாவின் காலத்தில் வந்த டிரான்ஸ்மிலேனியோ இதை மாற்றியது. டிக்கெட் பணம் பொதுக் கணக்கில் சேரும். ஓட்டும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கிடைக்கும். ஆள் பிடிக்க ஓடவேண்டிய அவசியம் போய்விட்டது. சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருந்தால் போதும். இதில் பயணிக்கு ஒரு லாபம்: பஸ் நிற்கும் நேரத்தைப்போலவே, பஸ்ஸுக்காக நாம் நிற்கும் நேரமும் குறைகிறது.

ஏற்கெனவே அந்தச் சாலையில் பிழைத்துக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது? துரத்தினால் கலவரம் வரும். பொகோட்டா பழைய பஸ் முதலாளிகளைப் புதிய நிறுவனங்களில் பங்குதாரர்களாக்கியது. பதிலுக்குப் பழைய பஸ்களை உடைத்துப்போட வைத்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் 2009-இல் ரேயா வாயா என்ற பிஆர்டி தொடங்கியபோது மினிபஸ் டாக்ஸிக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு; பஸ்மீது துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. பேச்சுவார்த்தை நீண்டு, கடைசியில் டாக்ஸி உரிமையாளர்களே பஸ் நிறுவனத்தின் பங்குதாரர்களானார்கள்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். பஸ் அந்தப் பாதைக்குள்ளேயே ஓடி, மற்ற இடங்களுக்குச் சிறிய இணைப்பு பஸ்களில் மாறிப் போக வேண்டுமா? பொகோட்டா முதலில் அப்படித்தான் வைத்தது. அல்லது பல வழித்தட பஸ்கள் தங்கள் பேட்டையிலிருந்து வந்து பாதைக்குள் நுழைந்து, வேண்டிய இடத்தில் வெளியேறலாமா? குவாங்சோ அப்படி. 22.5 கி.மீ. பாதைதான்; ஆனால் அதற்குள் வந்து போகும் வழித்தடங்கள் நகரம் முழுக்கப் பரவியிருந்ததால் நாளொன்றுக்கு சுமார் 8 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். மாறி ஏறுவதை யாரும் விரும்புவதில்லை என்பதால் இரண்டாவது முறைதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் டெல்லியும் ஒருவகையில் இதைத்தான் செய்தது. எந்த பஸ் உள்ளே வரலாம் என்ற கட்டுப்பாடும், நிலையத்தில் நாலைந்து பஸ் ஒரே நேரத்தில் நிற்க இடமும் இருந்தால்தான் இந்த முறை எடுபடும்.

கட்டுமானத்தில் பெரும்பாலான நேரம் தரைக்கு அடியில் போகிறது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாவற்றையும் பஸ் பாதைக்கு வெளியே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் திறந்த பிறகு ஒரு குழாய் உடைந்தாலும் பாதையைத் தோண்ட வேண்டியிருக்கும். கனமான பஸ்கள் தினமும் ஒரே கோட்டில் ஓடி, ஒரே இடத்தில் பிரேக் போடுவதால் தார்ச்சாலை அங்கே குழிந்துவிடும். அதனால் கான்கிரீட் போடுவார்கள். பொகோட்டாவும் போட்டது. ஆனால் வடக்கு நெடுஞ்சாலையில் திறந்த சில ஆண்டுகளிலேயே கான்கிரீட் பலகைகள் உடையத் தொடங்கின. பலகையைவிட அதற்கு அடியில் போட்ட நிரப்புப் படுகைதான் காரணம் என்று பிரச்சினை பெரிதானது. பலகைகளை மாற்ற நகரம் பெருஞ்செலவு செய்தது.

பணிமனை இன்னும் மோசம், கடைசியில்தான் அதை நினைப்பார்கள். தான்சானியாவின் தாருஸ் சலாமில் 2016-இல் பிஆர்டி ஓடத் தொடங்கியது. பாதையும் நிலையங்களும் நன்றாக அமைந்தன. பணிமனையை மட்டும் ஜங்வானி என்ற தாழ்வான ஆற்று வெள்ளப் பகுதியில் கட்டினார்கள். பெருமழை வரும்போதெல்லாம் அங்கே தண்ணீர் ஏறியது. பஸ்கள் பழுதாயின, சேவையை நிறுத்த வேண்டி வந்தது. சதுப்பில் கட்டிப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு; கிலோமீட்டருக்கு சுமார் 530 கோடி. பிஆர்டிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சென்னையிலும் பிஆர்டி பற்றிப் பேச்சு பலமுறை வந்து, காகிதத்தோடு நின்றது. மலிவு என்பதுதான் அதன் பெரிய பலம். பலவீனமும் அதுவே: மலிவாகக் கட்டியதை மலிவாக இடித்துவிடலாம். மெட்ரோ தூணை எந்த அரசும் பிடுங்காது.

டெல்லியில் கார்க்காரர்களின் எரிச்சல் வழக்காக மாறியது. 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து பஸ் பாதையைக் காப்பாற்றியது. ஆனால் 2015-இல் மாநில அரசே அதைக் கைவிட முடிவெடுத்து, 2016 தொடக்கத்தில் தடுப்புகளைப் பெயர்த்தது. சந்திப்பிலிருந்து நிறுத்தங்களைத் தள்ளி வைப்பது, வலது திருப்பங்களைக் குறைப்பது, உள்ளே வரும் பஸ்களை வரைமுறைப்படுத்துவது எல்லாம் கொஞ்சப் பணத்தில் முடிகிற திருத்தங்கள். எட்டு ஆண்டுகளில் அவற்றை முழுமையாகச் செய்து பார்க்கவில்லை. போபால் 2013-இல் திறந்த தன் பாதையை 2024 ஜனவரியில் இடிக்கத் தொடங்கியது. அகமதாபாத்தில் 12.5 கி.மீ. நீளத்தில் தொடங்கிய ஜன்மார்க் என்ற பிஆர்டி, பல மடங்கு நீண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.